வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அறிக்கையின் நகல் அவர்கள் வீட்டுக்கும் போய்ச் சேரும்.

பொங்கலுக்குச் சிறுவர் பேச்சுப் போட்டி, குடியரசு நாளில் கொடியேற்றம், புத்தகக் கண்காட்சிக்கு ஒரு வேன் பயணம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. நூலக அலமாரியில் கரையான் கண்டது, மருந்தடித்தாயிற்று. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இந்த ஆண்டின் முதன்மையான வேலை ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் பற்றிய அறிமுக வகுப்பு. ஒரே ஆசிரியருக்கு இத்தனை ஞாயிறுகளா, இத்தனை ஜெராக்ஸ் செலவா என்று செயற்குழுவில் கேள்வி எழுந்ததால் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். இனி யார் நடத்தினாலும் இதை வைத்துக்கொண்டு நடத்தலாம்.

வெபர் 1864-இல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் பிறந்து, 1920 ஜூனில் மியூனிக்கில் நிமோனியாவால் இறந்தவர். படித்தது சட்டம். முதலில் பெயர் வாங்கித் தந்தது, எல்பே ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பண்ணைத் தொழிலாளர்கள் பற்றி 1892-இல் வெளிவந்த ஆய்வு. ஹைடல்பெர்க்கில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தபோது நரம்புத் தளர்ச்சி கண்டு, 1903-இல் பதவியை விட்டார். எழுதியதில் பெரும்பகுதி ஆய்விதழ்க் கட்டுரைகள். 'பொருளாதாரமும் சமூகமும்' என்ற பெருநூலை அவர் முடிக்கவேயில்லை. விட்டுச்சென்ற தாள்களை மனைவி மரியான் வெபர் தொகுத்து வெளியிட்டார். ஆகவே 'இந்த ஒரு புத்தகத்தில் தொடங்குங்கள்' என்று கையில் எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்று நாமேதான் வெட்டிக் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் செலவுக்குக் காரணம் இதுதான்.

புதியவர்கள் பெயரைக் கேட்டதும் எடுப்பது புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய நூலை. அங்கே தொடங்கக் கூடாது. முதல் அத்தியாயம் ஜெர்மனியின் பாடன் மாநிலத்தில் எந்த மதப்பிரிவினர் எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்ற புள்ளிவிவரத்தோடு திறக்கிறது; பத்தாம் பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடும். அடிக்குறிப்புகள் வேறு மூல நூலோடு போட்டி போட்டு வளர்கின்றன. முதல் வாசிப்பில் அவற்றைத் தொடவே வேண்டாம்.

தொடங்க வேண்டிய இடம், 1919 ஜனவரி 28 அன்று மியூனிக் மாணவர்களிடம் அரசியலை வாழ்க்கைப் பணியாகக் கொள்வது குறித்து அவர் ஆற்றிய உரையின் முதல் சில பக்கங்கள். ஒரு நிலப்பரப்புக்குள் நியாயமானது என்று ஏற்கப்படும் வன்முறைக்குத் தனியுரிமை கோரி வெற்றி பெறும் அமைப்பே அரசு என்ற வரையறை அங்கேதான் வருகிறது. உடனே அடுத்த கேள்வி: மக்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள்? மரபு, தலைவரின் தனி ஈர்ப்பு, சட்டவிதி என்று மூன்று விடைகள். இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்து, நாற்பது நிமிடம் பேசினால் போதும். பன்னிரண்டு பேருக்கு மேல் உட்கார்ந்தால் நான்கு பேர்தான் பேசுவார்கள்.

இங்கே தவறாமல் வரும் குழப்பம் இரண்டு. தலைவரின் ஈர்ப்பு என்றதும் யாருடைய முகத்தில் ஒளி இருக்கிறது என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். வெபருக்கு அது தலைவரின் முகத்தில் இல்லை, பின்பற்றுகிறவர்கள் ஏற்பதில் இருக்கிறது. அவர்கள் கைவிட்டால் அதிகாரமும் போயிற்று. தலைவர் நல்லவரா கெட்டவரா என்பதும் வெபரின் கேள்வி அல்ல. அடுத்து வாரிசு யார் என்ற கேள்வி எழும்போது அந்த ஈர்ப்பு சடங்காகவோ பதவியாகவோ உறைந்துபோவதைத்தான் அவர் கவனிக்கச் சொல்கிறார். இரண்டாவது குழப்பம்: மூன்றும் மூன்று தனித்தனி நாடுகள் என்று நினைப்பது. அவை அளவுகோல்கள். நடப்பில் எந்த ஆட்சியிலும் மூன்றும் கலந்தே கிடக்கும்.

அடுத்தது 'பொருளாதாரமும் சமூகமும்' நூலில் அதிகாரவர்க்கம் பற்றிய பகுதி. வரையறுத்த பணிஎல்லை, மேல்–கீழ் படிநிலை, எழுத்துக் கோப்பு, பயிற்சி, சம்பளம், அலுவலகச் சொத்து வேறு வீட்டுச் சொத்து வேறு என்ற பிரிப்பு ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றாக அழித்து, 'இது இல்லாவிட்டால் என்ன நடக்கும்?' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வகுப்பு லஞ்சக் கதைகளில் கரைந்துவிடும். பதவியைச் சொந்த வருமானமாக ஆள்வது பழைய அரசர் காலத்துப் பதவியின் குணம் என்பது வெபரின் கணக்கு. புதிய வகை அலுவலகம் அதிலிருந்து விலகி வந்தது. ஆகவே லஞ்சம் அதிகாரவர்க்க முறை மிகுந்ததன் விளைவல்ல, முற்றாததன் அடையாளம். அலுவலகச் சொத்து வேறு, வீட்டுச் சொத்து வேறு என்ற கடைசி அம்சத்துக்கு எடுத்துக்காட்டு தேடி நாம் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. வட்டத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பேடும் ஒரு பீரோச் சாவியும் இன்னமும் முன்னாள் பொறுப்பாளர் ஒருவரின் வீட்டில்தான் இருக்கின்றன. பதிவுத் தபால் அனுப்பியாயிற்று.

இந்த இரண்டும் ஆன பிறகே அற நூல், அதுவும் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து. அங்கே ஒரு கதிர் அறுப்பவர் வருகிறார். ஒரு மார்கன் (பழைய ஜெர்மன் நில அளவு) நிலம் அறுக்க ஒரு மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) கூலி. நாளொன்றுக்கு இரண்டரை மார்கன் அறுத்து இரண்டரை மார்க் சம்பாதிக்கிறார். கூலியை 1.25 மார்க்காக உயர்த்துகிறார்கள், மூன்று மார்கன் அறுத்து 3.75 வாங்குவார் என்று எதிர்பார்த்து. அவரோ இரண்டு மார்கனோடு நிறுத்திக்கொண்டு அதே இரண்டரை மார்க்கை வாங்கிப் போகிறார். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். 'சோம்பேறி' என்று யாராவது சொல்வார்கள், சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் ஏன் உழைக்க வேண்டும் என்பதுதான் மனிதருக்கு இயல்பான கேள்வி, உழைப்பே கடமை என்பதுதான் வரலாற்றில் விளக்கம் தேவைப்படும் விந்தை என்று வெபர் திருப்பிப் போடும் இடம் அதுவே. 16-ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினின் கோட்பாட்டில் யாருக்கு மீட்பு என்பது முன்பே முடிவானது, தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தப் பதற்றத்தில் அவரைப் பின்பற்றியவர்கள் தொழிலில் ஒழுங்கான வெற்றியை ஓர் அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சம்பாதிக்கிறார்கள், ஆனால் ஆடம்பரம் பாவம். பணம் மீண்டும் தொழிலுக்கே போகிறது. மதம் முதலாளித்துவத்தைப் பெற்றது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அப்படி ஒற்றைக் காரணம் காட்டுவதை நூலின் முடிவில் அவரே மறுக்கிறார். இதை வகுப்பில் இரண்டு முறை சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் நிற்காது.

சாதி பற்றி வெபர் என்ன சொன்னார் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். 1916–17-இல் இந்து, பௌத்த மதங்கள் பற்றி எழுதினார். இந்தியாவுக்கு வந்தவரில்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளையும் மொழிபெயர்ப்புகளையும் நம்பி எழுதினார். அதைக் கடைசியில் வைத்ததற்கு முணுமுணுப்பு இருந்தது. மற்றவை தெரியாமல் படித்தால் அது வெறும் தீர்ப்பாகத்தான் கண்ணில் படும்.

உறுப்பினர் விவகாரத்துக்கு வருகிறேன். 1904-இல் அமெரிக்கா போன வெபர், அக்டோபர் தொடக்கத்தில் வட கரோலினா மலைப்பகுதியில் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஞானஸ்நானம் ஒன்றைப் பார்த்தார். இரவில் உறைபனி பெய்திருந்த குளத்து நீரில், நல்ல உடையோடு இறங்கி முழுகுகிறார்கள். அவர்களில் ஒருவரைக் காட்டி, 'அவர் வங்கி திறக்கப் போகிறார், அதற்குத்தான்' என்று விளக்கினார் வெபரின் உறவினர். சபை எளிதில் சேர்க்காது. நடத்தையைத் துருவி விசாரித்த பிறகே சேர்க்கும். அதனால் உறுப்பினர் என்ற பெயரே ஊர் முழுவதற்கும் நாணயச் சான்றாயிற்று. நாம் யாரையும் துருவுவதில்லை. படிவத்தோடு புகைப்படம் ஒட்டியிருந்தால் போதும். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். ஏறக்குறைய பாதிப்பேர் அதையும் கட்டவில்லை. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் தவறாமல் வருகிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். பொதுவில் சொன்னால், வந்தது செலவுக்குச் சரியாக இருந்தது; சில்லறைக் கடன் சிறிது உண்டு. கூடம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் ஒலிபெருக்கி தந்தவர்களுக்கும் நன்றி.

1910-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த முதல் ஜெர்மன் சமூகவியல் மாநாட்டில் ஜெர்மன் சமூகவியல் சங்கத்தின் செயல் அறிக்கையைப் படித்தவர் வெபர்தான். பத்திரிகைகளை ஆராய வேண்டும், பந்துருட்டும் மன்றம் முதல் அரசியல் கட்சி வரை எல்லாச் சங்கங்களையும் ஆராய வேண்டும், எந்தச் சங்கத்தையும் கடைசியில் நடத்துவது சிறு கூட்டமே என்றெல்லாம் பேசினார். பத்திரிகை ஆய்வு நடக்கவேயில்லை. சில ஆண்டுகளில் அவரே பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். வரும் ஆண்டு செயலாளர் பதவிக்கு வேட்புமனு தருபவர்களை ஊக்கம் குன்றச் செய்ய இதைச் சொல்லவில்லை. மனுக்கள் தாராளமாக வரட்டும்.

ஊதியமில்லாத கௌரவப் பணி மெதுவாக நடக்கும், விதிக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது, கூட்டிக் கழித்தால் பல நேரம் சம்பளப் பணியைவிடச் செலவும் அதிகம் என்று எழுதியவரும் அவரே. பகுதிநேர எழுத்தர் ஒருவருக்கு மதிப்பூதியம் வழங்கும் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக இருக்கிறது. நிலுவை இல்லாதவர்களுக்கே வாக்குரிமை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார்; ஜிபே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்