படக் கொப்பியைப் பைக்குள் வைக்காதீர்கள்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் முன்பள்ளி, ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும்,

வணக்கம். பேச்சு வராத ஓட்டிசம் பிள்ளைகள் சிலர் உங்கள் வகுப்புக்கு ஒரு படக் கொப்பியோடு வருகிறார்கள். வெல்க்ரோவில் ஒட்டிய சின்னப் படங்கள் உள்ள கொப்பி அது. வேண்டியதன் படத்தை எடுத்துக் கொடுத்துத்தான் பிள்ளை கேட்கும். பாடசாலை விடும்வரை அது பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் மகன் முன்பு போன பாடசாலையில் காலையிலேயே அதை வாங்கிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். "படத்தைக் காட்டியே பழகினால் பிறகு வாய் திறக்க மாட்டான்" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் அது சரியில்லை. படத்தால் பேச்சு குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, பல பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. எல்லோருக்கும் பேச்சு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சு வராத பிள்ளைக்கும் தண்ணீர் விடாய்க்கும், வயிறு வலிக்கும்.

படத்தைக் கொடுத்துக் கேட்கும் இந்த முறையின் பெயர் பெக்ஸ் (PECS). அதை 1985இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் அன்டி பொண்டியும் லோரி புரொஸ்ட்டும் உருவாக்கினார்கள். அதில் ஆறு படிகள். முதல் படியில் ரீச்சரின் கையில் பிஸ்கட் இருக்கும், பிள்ளைக்கு முன்னால் பிஸ்கட் படம் இருக்கும். பிள்ளை பிஸ்கட்டுக்குக் கை நீட்டும்போது, பின்னால் இருக்கும் இன்னொருவர் ஒன்றும் பேசாமல் அந்தக் கையைப் பிடித்து, படத்தை எடுத்து ரீச்சரின் உள்ளங்கையில் வைக்க உதவுவார். ரீச்சர் "பிஸ்கட்!" என்று சொல்லி உடனே கொடுப்பார். "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. கேட்டுக் கேட்டுப் பழக்கினால், யாராவது கேட்கும்வரை பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும். தானாகப் போய் ஒருவரிடம் தொடங்குவதுதான் இங்கே பாடம். அப்புறம் உதவுபவர் மெல்ல மெல்ல விலகுவார், ரீச்சரும் தள்ளி நிற்பார், பிள்ளை படத்தோடு அவரைத் தேடிப் போகும். கொப்பி பைக்குள் கிடந்தால் இதில் ஒன்றும் நடக்காது.

சாப்பாட்டுப் படங்கள் மட்டும் போதாது. "போதும்", "உதவி", "சத்தமாக இருக்கு", "டொய்லட்" எல்லாம் வேண்டும். "போதும்" என்று சொல்ல வழியில்லாத பிள்ளைதான் கொப்பியை வீசுகிறது, கையைக் கடிக்கிறது. நீங்கள் அதைக் குழப்படி என்று எழுதி அனுப்புகிறீர்கள். அந்த ஒரு படம் கிடைத்த பிறகு எங்கள் வீட்டில் கடி எவ்வளவோ குறைந்துவிட்டது.

இணையத்தில் கிடைக்கும் படங்களில் பீட்சாவும் மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸும்தான். என் மகனுக்குத் தேவை பாணும் பருப்பும் த்ரீவீலும். அவன் குடிக்கும் பச்சைப் போத்தலையே ஃபோனில் படம் பிடித்து, லெமினேட் செய்து ஒட்டினோம். அதைத்தான் முதலில் எடுத்துத் தந்தான்.

கொழும்பில் தமிழில் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு. எங்களில் பலர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டுவிட்டு வந்து வீட்டில் தமிழில் செய்கிறோம். படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, கன்ரீனில் நிற்கும் சிங்கள அக்காவுக்கும் போத்தல் படம் விளங்கும்.

இது நாங்கள் கேட்கும் சலுகை இல்லை. இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம், கல்வியில் மாற்றுத் தொடர்பாடல் முறைகளுக்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது.

படம் பிடிப்பது, அச்சடிப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் பெற்றோராகிய நாங்கள் செய்துகொள்வோம். வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்கக்கூடிய பொருட்கள், போகக்கூடிய இடங்கள், அங்கே இருக்கும் ஆட்கள் எவை, யார் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பிள்ளை படத்தை நீட்டினால், எந்த வேலையில் இருந்தாலும் ஒரு நிமிடம் நிறுத்தி அதைக் கையில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்