கடைசி ஊசிக்குப் பிறகு என்ன என்பதை முதல் ஊசியன்றே எழுதித் தாருங்கள்

எலும்புப்புரைக்கு மருந்து எழுதும் எலும்பு, மூட்டு, ஹார்மோன் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் மருந்துக்கடைகளிலும் ஊசி அறைகளிலும் வேலை செய்யும் மருந்தாளுநர்கள், செவிலியர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். விஷயம், எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரைக்குத் தரும் ஒரே ஒரு மருந்தைப் பற்றியது: டெனோசுமாப். நோயாளிகள் வாயில் அது "ஆறு மாச ஊசி". அதே நோய்க்குத் தரும் ஜோலெட்ரோனிக் ஆசிட் "வருஷ ஊசி", டெரிபாரடைட் "பேனா ஊசி". பிராண்ட் பெயர்கள் ஏகப்பட்டவை, யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

எங்கள் கைக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்: "டெனோசுமாப் 60 மி.கி., தோலுக்கடியில், ஒன்று. 6 மாதம் கழித்து வரவும்." வராவிட்டால் என்ன ஆகும், எத்தனை ஊசி, நிறுத்தும்போது அந்த இடத்தில் எந்த மருந்து வரும் என்று ஒரு வரிகூட இருக்காது. ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு இப்படி இருந்தால் சமாளித்துவிடலாம். இந்த ஊசிக்கு முடியாது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை. அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஜோலெட்ரோனிக் ஆசிட் போன்றவை எலும்பிலேயே படிந்து வருடக்கணக்கில் தங்குபவை. அதனால்தான் மாத்திரைக்கு 5 ஆண்டு, வருஷ ஊசிக்கு 3 ஆண்டு ஆனதும், ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு இடைவெளி விட முடிகிறது. டெனோசுமாப் அப்படித் தங்காது. எலும்பை அரிக்கும் செல்களை எழுப்பிவிடும் ஒரு புரதத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. மதகை இறக்கி வைத்த மாதிரி. ஆறு மாதம் தாண்டினால் மதகு தானாகத் தூக்கிக்கொள்கிறது, தேங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் பாய்கிறது. எலும்பு அரிப்பு சிகிச்சைக்கு முன்பிருந்த அளவையும் தாண்டுகிறது. பல வருடம் சேர்த்த அடர்த்தி ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடுகிறது.

அடர்த்தி குறைவதோடு போனால் பரவாயில்லை, முதுகெலும்பு ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்குகிறது. ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து 2018ல் வெளியான ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது 100 பேருக்கு ஆண்டுக்கு 1.2 ஆக இருந்த முதுகெலும்பு முறிவு, நிறுத்திய பின் 7.1 ஆனது. மருந்தே போடாத குழுவிலும் ஏறக்குறைய அதே அளவுதான் முறிவு இருந்தது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. ஆனால் நிறுத்திய பின் முறிவு வந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எலும்பு முறிந்தது. மருந்து போடாதவர்களில் அது 39 சதவீதம். கடைசி ஊசிக்குப் பிறகு 7ஆம் மாதத்திலேயே முறிவு வந்த பதிவுகளும் உண்டு.

தாமதமும் ஒரு வகையில் நிறுத்தம்தான். பிரிட்டன் நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து 2020ல் வந்த ஆய்வில், ஊசி 16 வாரத்துக்கு மேல் தள்ளிப்போனவர்களுக்கு, நேரத்துக்குப் போட்டவர்களைவிட முதுகெலும்பு முறிவு ஏறக்குறைய 4 மடங்கு.

இனி, ஏன் தள்ளிப்போகிறது என்பது. முதல் குற்றவாளி ஒரு சொல்: "எலும்புத் தேய்மானம்". மூட்டுத் தேய்வுக்கும் அதே சொல், எலும்புப்புரைக்கும் அதே சொல். முட்டி வலிக்குத்தான் ஊசி போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறவர், இரண்டு ஊசிக்குப் பிறகும் முட்டி வலி குறையவில்லை என்று விட்டுவிடுகிறார். அவர் மேல் தப்பில்லை. இந்த மருந்து எந்த வலியையும் குறைக்காது, வேலை செய்கிறதா என்று உடம்பால் உணரவும் முடியாது என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. தை முதல் வாரம் போட்டவருக்கு ஆறு மாதம் என்றால் ஆடி. "ஆடி கழியட்டும்" என்று ஆவணிக்குத் தள்ளி, அந்த மாதம் வீட்டில் ஒரு கல்யாணம் வந்துவிட்டால் எட்டாவது மாதம் தொடங்கிவிடும். வெளிநாட்டில் பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகும் அம்மாக்கள் தனிக் கதை. அமெரிக்காவில் வருகையாளர் விசாவில் பொதுவாகத் தங்க விடுவதும் ஆறு மாதம், ஊசியின் இடைவெளியும் ஆறு மாதம். ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து விமானம் ஏறினால், அடுத்த தேதி அங்கேதான் விழும். நம் ஊர் பிராண்ட் பெயரைக் காட்டினால் அங்கே யாருக்கும் புரியாது. மூலப்பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி மூன்றும் உள்ள கடிதம் வேண்டும். அதைவிட, பயணத் திட்டம் உள்ளவரா என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட்டால், வருஷ ஊசியே போதுமா என்று யோசிக்கலாம்.

பல் மருத்துவர் நிறுத்தச் சொல்வது மூன்றாவது. தாடை எலும்பு அழுகல் என்ற பயம் நியாயமானது, ஆனால் எலும்புப்புரைக்குத் தரும் அளவில் அது அரிது. ஊசியைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதால் முதுகெலும்புக்கு வரும் ஆபத்து அதைவிடப் பெரியது. ஊசி போட்டு 3 அல்லது 4 மாதம் ஆன பிறகு பல்லைப் பிடுங்கினால், அடுத்த தேதிக்குள் புண் ஆற 6 முதல் 8 வாரம் கிடைக்கும். இதைச் சொல்லி நீங்கள் பல் மருத்துவருக்கு இரண்டு வரி எழுதினால் போதும், நோயாளி இரு டாக்டருக்கும் நடுவில் தபால்காரராக அலைய வேண்டியதில்லை.

நான்காவது காரணம், மன்னிக்க வேண்டும், நீங்களேதான். "ஸ்கேன் நல்லா வந்திருக்கு, போதும்மா, நிறுத்திடலாம்." எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர், எலும்புப்புரையின் எல்லையான மைனஸ் 2.5க்கு மேலே ஏறியது நல்ல செய்திதான். ஆனால் இந்த மருந்தில் அது நிறுத்துவதற்கான அனுமதி ஆகாது, மாற்றுவதற்கான நேரமாக வேண்டுமானால் இருக்கலாம். முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் எண்ணை வைத்து இந்த முடிவை எடுப்பது இன்னும் மோசம். அது தொடர் கண்காணிப்புக்கு உதவாது. ஸ்கேன் எடுத்தாலும் முன்பு எடுத்த அதே இயந்திரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

மாற்றும்போது நேரம்தான் எல்லாம். கடைசி டெனோசுமாப் போட்டு 6 மாதம் ஆனதும், அதாவது அடுத்த ஊசி போட வேண்டிய அதே நாளில், ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி. ஏற்ற வேண்டும். சீக்கிரம் போட்டால் அரிப்பு அடங்கிக் கிடக்கும் எலும்பில் மருந்து சரியாகப் படிவதில்லை. தாமதித்தால் அதற்குள் இழப்பு தொடங்கியிருக்கும். இரண்டரை ஆண்டுக்கு மேல் டெனோசுமாப் போட்டவர்களுக்கு ஒரே ஒரு ஜோலெட்ரோனிக் பல நேரம் போதுவதில்லை. 3ஆம் மாதமும் 6ஆம் மாதமும் ரத்தத்தில், எலும்பு அரிப்பின் வேகத்தைக் காட்டும் சிடிஎக்ஸ் பார்த்து, ஏறியிருந்தால் வருடம் முடியக் காத்திராமல் மறுபடி ஏற்ற வேண்டும். சிடிஎக்ஸ் காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது, சாப்பிட்டுவிட்டு வந்தால் எண் குறைந்து காட்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுபவர்களிடம் இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள், சில லேப் கருவிகளை அது ஏமாற்றிவிடும்.

ஜோலெட்ரோனிக் ஏற்றும் முன், சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 35க்குக் கீழே இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், வைட்டமின் டி குறைவைச் சரிசெய்திருக்க வேண்டும். 100 மி.லி. பாட்டிலை 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். புற்றுநோய்க்குத் தரும் 4 மி.கி. குப்பியும் கடையில் இருக்கிறது. டெனோசுமாப்பிலும் புற்றுநோய்க்கு 120 மி.கி. தனி. மில்லிகிராம் எழுதாத சீட்டு வந்தால் நாங்கள் போன் செய்வோம், கோபப்படாதீர்கள். வருஷ ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும், அடுத்த தடவை இவ்வளவு இருக்காது என்று முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் இரண்டாவது தடவை வர மறுக்கிறார்கள்.

குறைந்த காலமே டெனோசுமாப் போட்டவருக்கு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒன்று என்று ஓரிரு ஆண்டு தருவதும் வழக்கம்தான். அப்போது காலைப்பொழுதையும் சேர்த்து எழுதித் தாருங்கள். எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி படுக்கக் கூடாது, காபி, பால், கால்சியம் எதுவும் கூடாது. இங்கே பெண்களில் பலர் தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தான் போடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். அந்த ஒரு நாள் அலெண்ட்ரோனேட் முதலில், அரை மணி கழித்துத் தைராய்டு, அதற்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி கழித்துத்தான் காபி என்று வரிசை வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வருஷ ஊசி கூடாது என்பதாலேயே டெனோசுமாப் எழுதுகிறீர்கள். அவர்களுக்குத் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்த ஊசியால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2024 ஜனவரியில் கட்டம் கட்டிய எச்சரிக்கை விடுத்தது. ஊசி போட்ட முதல் இரண்டு வாரத்தில் கால்சியம் பார்க்கச் சீட்டு எழுதுங்கள். வாயைச் சுற்றி மரத்துப்போவது, விரல்கள் இழுத்துக்கொள்வது போன்றவை வந்தால் அன்றே வர வேண்டும் என்று வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

பேனா ஊசியைப் பற்றி ஒன்றே ஒன்று. டெனோசுமாப் போட்டுக்கொண்டிருக்கும்போது முறிவு வந்தால், "இன்னும் பவரான மருந்து" என்று டெனோசுமாப்பை நிறுத்திவிட்டு டெரிபாரடைட் எழுதும் சீட்டுகள் வருகின்றன. அந்த வரிசையில் போனால் இடுப்பு எலும்பும் மணிக்கட்டு எலும்பும் குறைகின்றன என்பது 2015லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. எலும்பைக் கட்டும் மருந்தான டெரிபாரடைட் முதலில், அரிப்பைத் தடுத்துக் காக்கும் டெனோசுமாப் போன்ற மருந்து பிறகு. டெரிபாரடைட் முடிந்த பின்னும் சும்மா விடக் கூடாது என்பதையும் அதே சீட்டில் எழுதலாம்.

நாங்கள் கேட்பது ஒரு அட்டை. சர்க்கரை நோட்டின் பாதி அளவு போதும். அதில் இப்படி இருக்கட்டும்: "டெனோசுமாப் 60 மி.கி. 3ஆவது ஊசி, 12.03.2025. அடுத்தது 12.09.2025. 12.10.2025ஐத் தாண்டக் கூடாது. கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி: (எண்கள்). நிறுத்துவதானால் அடுத்த ஊசித் தேதியில் ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி., 3 மாதத்தில் சிடிஎக்ஸ். கீழே விழாமலே திடீரென நடுமுதுகில் வலி வந்தால் உடனே போன் செய்யவும்." கடைசி வரி முக்கியம். அந்த வலியை வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துவிட்டு வாரக்கணக்கில் வீட்டிலேயே இருப்பார்கள், அதற்குள் அடுத்த எலும்பு போய்விடும். அட்டையின் பின்பக்கம் மகன் அல்லது மகளின் போன் நம்பர். தேதியை நினைவூட்டும் வேலையை நாங்கள் செய்கிறோம். ரத்த அழுத்த மாத்திரைக்கு வீடு தேடி ஆள் வருகிற மாநிலம் இது, வருடத்துக்கு இரண்டு போன் செய்வது பெரிய காரியமில்லை. தேதி மட்டும் எங்களிடம் இருக்க வேண்டும்.

ஊசியை வாங்கிவரச் சொல்லும்போதும் ஒரு வரி வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், உறைந்ததைப் பயன்படுத்தக் கூடாது. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்ததையும் கூடாது. கூடுமானவரை ஊசி போடும் இடத்திலேயே மருந்தை வரவழைத்து வையுங்கள். முடியாதென்றால் சந்திப்பு நேரத்தைக் காலை பத்து மணிக்குள் கொடுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடை, ஊசி அறைப் பணியாளர்கள்