படத்தைப் பிள்ளையே வரையட்டும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் ஊர்க் கோயிலில், அதாவது தேவாலயத்தில், சேகரத்தின் (அக்கம்பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) சார்பில் ஓவியப் பரிசு ஒன்று வைக்கிறார்கள். தலைப்பு ‘நம்பிக்கை’. பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு, பெரியவர்களுக்கு ஒரு பிரிவு. ஊரில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். சேகரத்துக்குப் பொறுப்பான போதகர், சேகரகுரு ஐயா, போன வாரம் நம் பள்ளிக் காலைக் கூட்டத்துக்கு வந்து இதைச் சொன்னதிலிருந்து பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. விதிமுறைகள் உள்ள தாளைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் இல்லாத ஒன்றை உங்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். படத்தைப் பிள்ளையே வரையட்டும்.

அன்றைக்கே எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “சாமி மேல இருக்கிற நம்பிக்கையா ஐயா, இல்ல நாளைக்கு எல்லாம் சரியாயிரும்னு இருக்கமே, அந்த நம்பிக்கையா?” என்று கேட்டாள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஐயா பதிலுக்குக் கரும்பலகையில் ஒரு நங்கூரம் வரைந்தார். ரோமாபுரியில் ஆதிக் கிறிஸ்தவர்கள் இறந்தவர்களை அடக்கம் செய்த நிலத்தடிச் சுரங்கங்களில் நங்கூரத்தை நம்பிக்கையின் அடையாளமாகச் செதுக்கியிருப்பதைச் சொன்னார். கடற்கரை ஊரான உவரியில் தாய்மாமன் வீடு உள்ள பையன் ஒருவன் உடனே முன்னால் வந்து, காற்றடிக்கும்போது நங்கூரம் போட்ட படகு எப்படி ஆடும், ஆனால் எப்படி நின்ற இடத்திலேயே நிற்கும் என்று இரண்டு கையாலும் காட்டினான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் எல்லா வகுப்பிலும் தாளைக் கொடுத்து, சும்மா வரைந்து பாருங்கள் என்றோம். நிறையப் பேர் இரண்டு மலைக்கு நடுவே சூரியன் உதிப்பதை வரைந்தார்கள். இரண்டு கைக்குள் ஒரு மெழுகுவர்த்தி, திறந்த கூண்டு, பறக்கிற புறா. எல்லாம் செல்போனில் பார்த்தவை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன்; நம்பிக்கை என்றால் இதுதான் என்று நாம்தான் அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன் மட்டும் ஒரு கதவு நிலையை வரைந்திருந்தான். வெறும் நிலை. அதன் குறுக்கே காவி நிறத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழேயும் மேலேயும் பென்சிலால் சின்னச் சின்னக் கீறல்கள். என்னப்பா இது என்று கேட்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஆறு பெருகி வந்ததே, அந்த வெள்ளம் அவன் வீட்டு நிலையில் விட்டுப்போன சேற்றுக் கோடு அது. நாலரை அடி உயரம் இருக்கும். அவன் அம்மா அதன்பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தபோதும் அந்தக் கோட்டை மட்டும் அழிக்கவில்லையாம். பென்சில் கீறல்கள் அவன் உயரம். வெள்ளம் வந்தபோது அவன் ஐந்தாம் வகுப்பு. கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றிருக்கிறான். “இப்ப நான் அந்தக் கோட்டைத் தாண்டிட்டேன் ஐயா” என்றான்.

அந்தப் படத்தில் கோடு நேராக இல்லை. நிலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வீட்டில் காட்டினால், “ஸ்கேல் வைத்துப் போட வேண்டியதுதானே” என்றுதான் முதலில் சொல்லியிருப்போம். நானும் அப்படிச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி.

நம் பக்கத்தில் நம்பிக்கைக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இடையன்குடிக் கோயிலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1847இல் தொடங்கிய வேலை, 1880இல்தான் முடிந்து பிரதிஷ்டை ஆனது. 33 வருடம்! அதைக் கட்டிய மிஷனரி கால்டுவெல் ஐயர் கல் எடுத்துவைக்கத் தொடங்கியபோது இளைஞர், முடித்தபோது கிழவர். அதற்கு முதல் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் உள்ளே நின்று ஜெபித்திருப்பார்கள்? இதைச் சொன்னபோது ஆறாம் வகுப்பு முழுக்க அமைதியாகிவிட்டது. அப்புறம் பனை. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் தாத்தாமார் சொல்வார்கள். காய்க்கப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலே ஆகும் என்று தெரிந்தும் கொட்டையைப் புதைத்தார்களே, அதை ஒரு பிள்ளை வரைந்தால் போதாதா?

எனக்கு மிகவும் பிடித்தது கன்னடியன் கால்வாய்தான். கார் நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட அன்று முதல் தண்ணீர் வருவதை நீங்களும் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். தெளிந்த தண்ணீராக வராது. காய்ந்த சருகு, நுரை, செருப்பு, குச்சி எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு பாம்பு ஊர்வதுபோல் மெல்ல வரும். வெடித்த மண் அதைக் குடிக்கும்; குமிழி விடும். நாங்கள் அதோடு கூடவே கரையில் ஓடுவோம். நமக்கு முன்னால் வறண்ட வாய்க்கால், பின்னால் தண்ணீர். வயல் இன்னும் காய்ந்துதான் கிடக்கும். ஆனால் பெரியவர்கள் அன்றைக்கே விதைநெல்லை எடுத்து ஊறப்போடுவார்கள். பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் ஓடியிருப்பார்கள்.

இனி என் மனதில் நெடுநாளாக இருக்கிற ஒன்று. சில வருடங்களுக்கு முன் வேறு ஒரு ஊரில் வேலை பார்த்தபோது, இதுபோன்ற ஒரு போட்டியில் எங்கள் மாணவி ஒருத்திக்கு முதல் பரிசு கிடைத்தது. அருமையான படம். நடுவராக வந்தவர் அவளைக் கூப்பிட்டு, “இந்த நிழலை எப்படிம்மா கொண்டுவந்தாய்?” என்று அன்பாகத்தான் கேட்டார். அவள் திரும்பி அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். வெளியே பணம் கொடுத்து வரைந்து வாங்கிய படம் அது. எனக்குச் சந்தேகம் இருந்தும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு படிப்பு முடிக்கும்வரை ஓவிய வகுப்பில் தூரிகையைத் தொடவில்லை. அது என் தவறு. இன்னொரு பிள்ளைக்கு அப்படி நடக்க விட மாட்டேன்.

அதனால் இந்த முறை படம் பள்ளியிலும் வீட்டிலுமாக, பிள்ளையின் கையால் மட்டும் நடக்கும். தாள் பள்ளியே கொடுக்கும். விலை கூடிய வர்ணம் எதுவும் வாங்க வேண்டாம்; அதற்காகக் கடன் கேட்டதாக ஒரு தாய் சொன்னபோது வருத்தமாக இருந்தது. கிரேயான் போதும். கரித்துண்டு, மஞ்சள், காவி, செம்பருத்திப்பூச் சாறு எல்லாம் செல்லும் என்று சேகரகுரு ஐயாவே சொல்லிவிட்டார். ஓலையில் முடையலாம், களிமண்ணில் செய்யலாம். பத்தமடைப் பக்கம் பாய் நெய்கிற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் மீந்த கோரையை ஒட்டிச் செய்தாலும் சரிதான்.

நீங்கள் செய்ய வேண்டியது, மாலையில் ஒரு மணி நேரம் டிவியை அணைத்து, தரையில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுப்பது. வானம் பச்சையாக இருந்தால் இருக்கட்டும். ரப்பரைக் கையில் எடுக்காதீர்கள். என்ன வரைவது என்று பிள்ளை கேட்டால், உங்களுக்குக் கஷ்டமாக இருந்த ஒரு காலத்தையும் அதை எப்படிக் கடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது.

கோயில் நடத்துவதால் சிலுவையோ வேதக் காட்சியோ வரைய வேண்டுமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். வேண்டியதில்லை. வரையக் கூடாது என்றும் இல்லை. தர்காவை வரைந்தாலும் சுடலைமாடன் கோயில் கொடை விழாவை வரைந்தாலும் அதே சுவரில்தான் தொங்கும். இதை நான் நேரில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

பரிசுத் தொகை தாளில் இருக்கிறது. பிள்ளைகளிடம் அதைப் பெரிதாகப் பேச வேண்டாம். பரிசு பெறும் படங்கள் ஒரு வருடம் சபை மண்டபத்தில் இருக்கும். மற்றப் படங்களும் காட்சி நாளில் மாட்டப்படும், ஒன்றும் விடுபடாது. படத்தின் பின்புறம் பெயரும் வகுப்பும் பென்சிலால் எழுத வேண்டும். கீழே இரண்டு வரி, பிள்ளையின் சொந்தச் சொல்லில். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம்.

சம்மதச் சீட்டை வரும் திங்கட்கிழமைக்குள்ளும், படத்தை அடுத்த மாதம் முதல் வெள்ளிக்குள்ளும் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். காட்சி அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு. பெரியவர்கள் பிரிவுக்கு நம் பெற்றோர் யாரும் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. நான் கொடுத்திருக்கிறேன், கால்வாயைத்தான் வரைகிறேன். படங்களைத் தொங்கவிடக் கொடிக்கயிறும் துணி மாட்டுகிற கிளிப்பும் நிறையத் தேவைப்படும். வீட்டில் இருந்தால் சனிக்கிழமை மாலை கொண்டுவாருங்கள். நான் மண்டபத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்