கருநீலத் துணியில் வெள்ளை நார்

அம்பாசமுத்திரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

பேத்திக்காக நீ தைத்த கருநீலப் போர்வையின் படங்களை உன் அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். மஞ்சள் நட்சத்திரங்களின் முனைகள் இம்மியும் பிசகாமல் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கைவாகு உனக்கு உன் ஆச்சியிடமிருந்து வந்தது. ஆனால் இரண்டாவது சலவைக்குப் பிறகு நீலத்தின் மேல் நரைமயிர்போல வெள்ளை நார்கள் எழும்புகின்றன என்றும், இரவுதோறும் விளக்கடியில் உட்கார்ந்து அவற்றை இடுக்கியால் பிடுங்குகிறாய் என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு மெத்தைக் கடை வேலையில் மனம் செல்லவில்லை. அந்தப் பிடுங்கலை இன்றோடு நிறுத்திவிடு.

காரணத்தைச் சொல்கிறேன். நீ உள்ளே வைத்திருப்பது பாலியஸ்டர் பஞ்சு. நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தியின் நார் ஓர் அங்குலத்துக்கும் குறைவானது. துணிக்கு வெளியே தலை நீட்டினாலும் உரசலில் ஒடிந்து, துவைக்கும் தண்ணீரோடு போய்விடும். பாலியஸ்டர் நார் அதைவிட நீளமானது, எளிதில் ஒடியாதது, சுருள் சுருளாக ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடப்பது. ஆகவே வெளியே தெரியும் ஒரு நாரை நீ இழுக்கும்போது, அது தன்னோடு பின்னிய அடுத்த நாரைத் துணியின் கண்வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் உன் கைக்கு வரும். நாளை நீ பிடுங்கப்போகும் நாரை இன்று நீயேதான் வாசலுக்கு அழைத்து வருகிறாய். உங்கள் பக்கத்துத் தையல்காரர்கள் இதைத் தாடி முளைப்பதாகச் சொல்வார்கள் என்று எழுதியிருந்தாய், பொருத்தமான சொல்தான்.

அதற்குப் பதிலாக, நார் எழும்பிய கட்டத்தில் மேல்துணியை ஒரு கையாலும் அடித்துணியை மறுகையாலும் பிடித்து, தையலுக்கு நோகாமல் மெல்ல விலக்கிப் பார். பல நார்கள் வந்த வழியே உள்ளே இறங்கிவிடும். இறங்காதவற்றைச் சின்னக் கத்தரியால் துணியோடு ஒட்ட வெட்டிவிடு. துவைக்கும்போது குளிர்ந்த நீரில் உட்புறம் வெளியே வருமாறு மடித்துப் போட்டு, கொஞ்ச நேரமே சுழலவிட்டு, கொடியில் உலர்த்து. சூடாக உருட்டி உலர்த்தும் இயந்திரத்தில் உரசல் அதிகம். அதோடு உங்கள் கனடாவின் வின்னிபெக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது அறைக் காற்று வறண்டுவிடும். பருத்தி தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு அளவுக்கு ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் நூற்றுக்கு அரைப் பங்குகூட வாங்காது. அந்த வறட்சியில் உரசினால் மின்னேற்றம் தங்கி, உள்ளிருக்கும் நாரும் வெளியிலிருக்கும் தூசியும் சேர்ந்து துணியில் ஒட்டும்.

இனி, அடுத்த போர்வையைப் பற்றி. நீ அதையும் கருநிறத்தில்தான் தைக்கப்போகிறாய் என்பதால், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். 1994இல் ஒரு கல்யாணச் சீருக்கு மெத்தையும் நான்கு தலையணைகளும் கேட்டு வந்தார்கள். பெண் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது கறுப்புக்குப் பக்கமான நீலச் சாட்டின். போடிநாயக்கனூரிலிருந்து வந்த நல்ல இலவம் பஞ்சு கடையில் இருந்தது. இலவ நார் மெழுகு பூசியதுபோல் வழுக்கும், காற்றைவிடக் கனமில்லாததுபோல் பறக்கும். தனியே நூலாக நூற்பதற்குக்கூடப் பிடி கொடுக்காது. அதை அடைப்பதற்கு முன்னால் காடாத் துணியில் ஓர் உள்ளுறை தைத்தாக வேண்டும் என்பது என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். முகூர்த்தத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது என்பதற்காக நான் உள்ளுறையை விட்டுவிட்டேன். பத்தாம் நாள் பெண்ணின் தகப்பனார் ஒரு தலையணையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீலத் துணி முழுவதும் பனி பெய்ததுபோல் வெளுத்திருந்தது. அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அத்தனையையும் பிரித்து, காடா உறை போட்டு, என் செலவில் திருப்பிக் கொடுத்தேன். துணியில் தவறில்லை, பஞ்சிலும் தவறில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய ஒன்றை நான் வைக்கவில்லை.

உன் போர்வைக்கும் அந்த நடுத்துணிதான் வேண்டும். கறுப்புப் பஞ்சு விரிப்பே கடையில் கிடைக்கிறது என்றாய். முழுதும் கருநிறமான போர்வைக்கு அது மிக நல்லது. ஆனால் உன் நட்சத்திரங்கள் வெளிர்மஞ்சள் என்பதால், அடியிலிருக்கும் கறுப்பு அவற்றில் நிழலடித்து அழுக்குப்போலக் காட்டிவிடும். அந்த இடத்தில் வெள்ளைப் பருத்திப் பஞ்சை வைத்து, கருநீலப் பகுதிகளுக்குக் கீழே மட்டும் கருநிறப் பாப்ளின் கொடுப்பதே சரி. மல் துணி மெல்லியதாயிற்றே என்று அதை எடுத்துவிடாதே. அதன் கண்கள் திறந்தவை, நார் தடையில்லாமல் நுழைந்துவிடும். மெலிவு முக்கியமல்ல, நெருக்கம்தான் முக்கியம். மேல்துணியையும் அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கு: ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம் தெரிந்தால், எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் வைத்துவிட்டு வா. சாட்டின் வகை நெசவில் நூல்கள் நெடுந்தூரம் பிணையாமல் மிதப்பதால் அதைப் பஞ்சுக்கு மேலே நேரடியாகப் போடக் கூடாது. அந்தப் பாடத்துக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன்.

பஞ்சு விரிப்பை வாங்கும்போது ஊசிகளால் குத்தி இறுக்கிய வகையைக் கேள். அதில் ஒரு பக்கம் சிறு பள்ளங்களும் மறுபக்கம் சிறு முடிச்சுகளும் தடவினால் தெரியும். பள்ளமுள்ள பக்கம் மேலே, உன் மேல்துணியைப் பார்த்து இருக்கட்டும். அப்போது உன் ஊசியும் ஆலை ஊசி போன திசையிலேயே போகும், நாரை எதிர்ப்பக்கம் தள்ளாது. ஊசியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், 14ஆம் எண்ணை வைத்துவிட்டு அதைவிட மெல்லிய 11ஆம் எண்ணில் புது ஊசி போடு. முனை மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காமல் நாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், அது விட்டுச்செல்லும் ஓட்டையும் பெரிது.

மாப்பிள்ளையின் நண்பர் அடுத்த மாதம் பாளையங்கோட்டைக்கு வந்து திரும்புகிறார் என்றாயே, அவரிடம் கருநீலப் பாப்ளின் ஆறு மீட்டர் கொடுத்தனுப்புகிறேன். கஞ்சி போட்ட புதுத்துணி, வந்ததும் வெட்டிவிடாதே. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசி, சுருங்கக் காயவிட்டு, அதன் பிறகு அளந்து வெட்டு. சுருங்கிய துணியில் இழைகள் இன்னும் நெருங்கியிருக்கும். பேத்தியின் உயரத்தையும் எழுதியனுப்பு. ஆறு மீட்டர் போதாது என்று தோன்றினால் எட்டாக எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா