மரத்துப்போகும் ஊசிக்கு முறிவு மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

பல் பிடுங்கவும் தையல் போடவும் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஊசி போடுவது கூடலூர் கிளினிக்குகளில் அன்றாட வேலை. அளவு மீறினாலோ ரத்தக் குழாய்க்குள் இறங்கினாலோ அதுவே நஞ்சு. பல் ஊசியில் உதடு மரப்பது சகஜம். காது இரைவதும், வாயில் உலோகச் சுவை தட்டுவதும், பேச்சு குழறுவதும் சகஜமல்ல. 'பயந்துட்டாங்க' என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்து வலிப்பு, அப்புறம் இதயமே நிற்கலாம்.

ஊசியை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, பால் போல வெள்ளையாக இருக்கும் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் என்ற கொழுப்புக் கலவையை, உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லி வீதம் ரத்தக் குழாய் (சிரை) வழியாக ஏற்ற வேண்டும். ஊட்டிக்குக் கொண்டுபோக 50 கி.மீ., நடுவட்டம் வளைவுகள் வேறு. கூடலூர், பந்தலூர் அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து எப்போதும் இருப்பில் இருப்பதைச் சுகாதாரத் துறை உறுதி செய்ய வேண்டும்.

— ஓய்வுபெற்ற செவிலியர், கூடலூர்