மானிஸ் லெபே!

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு காலை

அன்புள்ள சரசு,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்து நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை.

விஷயம் இதுதான்: எனக்கும் இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, வந்துவிட்டது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சீனி 9.4, இங்கே மில்லிமோல் கணக்கு. ஏழைத் தொட்டாலே கணக்கில் சேர்த்துவிடுவார்களாம். சிரிக்காதே. உன் வீட்டுக்காரருக்கு இருபது வருடமாகப் புத்தி சொன்னவள் நான்தான், மறக்கவில்லை.

கிளினிக் மிசி, நர்ஸம்மாதான், ஒரு தட்டுப் படம் கொடுத்தார். மலாயில் 'சுக்கு சுக்கு செப்பாரோ', கால் கால் பாதி என்று அர்த்தம். கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். அதை ஐஸ் பெட்டியில் ஒட்டி வைத்து மூன்று வாரம் யோக்கியமாக இருந்தேனடி. பழுப்பரிசிகூட மென்றேன். தாடை வலித்ததுதான் மிச்சம்.

போன வெள்ளிக்கிழமை நல்ல மழை. மாமாக் கடையில், நம்ம தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஒதுங்கினேன். அந்த ரொட்டி வாசனையை உனக்குச் சொல்ல வேண்டுமா? இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் (டின் பால் ஊற்றி ஆற்றிய டீ), கொஞ்சம் இனிப்பு தூக்கலாக என்று பையனிடம் காதோடுதான் சொன்னேன். அந்தப் பாவி திரும்பி நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி, "தே தாரிக் கௌ, மானிஸ் லெபே!" என்று கத்துகிறான், கெட்டி டீ, இனிப்பு கூட என்று. பின் மேசையில் யார் என்று நினைக்கிறாய்? அதே மிசி! ரொட்டி வந்ததும் எட்டிப் பார்த்து, "பாதித் தட்டுக் காய்கறி எங்கேக்கா?" என்றார். டால்ச்சாப் பருப்புக் குழம்பில் கிடந்த கத்திரிக்காய்த் துண்டைக் காட்டினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் குத்திப் பார்த்தால் 15.1. மறுநாள் இரண்டு தோசை, காய் நிறையப் போட்ட சாம்பார், தே ஓ கோசோங் (பாலும் சீனியும் போடாத டீ): 9.8. டின் பாலில் கிட்டத்தட்டப் பாதி சீனிதானாம். 2019-இல் போத்தல் பானத்தில் நூறு மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 காசு வரி என்று போட்டார்களே, கடையில் ஆற்றும் தே தாரிக்குக்கு அது கிடையாது. இருந்திருந்தாலும் கட்டிவிட்டுக் குடித்திருப்பேன், அது வேறு.

ஆனால் சரசு, அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவளும் டின் பால் கோப்பியில் ரொட்டியை முக்கித்தான் தின்றாள். இருட்டோடு பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய், ஐநூறு ரப்பர் மரம் பால் வெட்டி, அதைச் சுமந்து வந்தவள் உடம்பில் அது எங்கே தங்கும்? தோட்டத்தைச் செம்பனைக்கு (பாமாயில் மரத்துக்கு) மாற்றி, நாங்கள் டவுனுக்கு வந்த பிறகும் அவள் சாப்பாடு மட்டும் தோட்டத்து அளவிலேயே இருந்தது. இதே நோயில் அவள் கால்விரலை எடுத்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னோடு நீதானே உட்கார்ந்திருந்தாய். இப்போது தினமும் ராத்திரி என் பாதங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

சரி, அழாதே. சாயங்காலம் நடக்கிறேன், கோயில் வரை போய்த் திரும்பி. நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) மட்டும் விட முடியாது என்று மிசியிடமே சொல்லிவிட்டேன். ஞாயிறு ஒரு நாள், சின்னப் பொட்டலம், கூட முழு வெள்ளரிக்காய் ஒன்று. இதோ, பக்கத்தில்தான் இருக்கிறது. காகிதத்தில் எண்ணெய்க் கறை பட்டிருந்தால் அதுதான் காரணம்.

தீபாவளிக்கு வரும்போது நெய்யுருண்டை கொண்டு வா. எனக்கு எண்ணி இரண்டு. மூன்றாவது கேட்டால் கொடுக்காதே. கேட்பேன்.

உன்,
பாக்கியம்