முதலில் கூரையைப் பார்

கோயம்புத்தூர்
ஏப்ரல் 6

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பரீட்சை முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. அது முடிந்தால்தான் இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேச முடியும்.

மே மாதம் பிள்ளைகளோடு வருகிறேன், சைக்கிள்களையும் கார்மேல் ஏற்றிக்கொண்டு வருகிறேன், எந்தக் கேரியர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த விஷயத்தில் நான் பட்டு அறிந்தவள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் வேறொரு கார் இருந்தது. கூரையின் இரண்டு ஓரத்திலும் கைப்பிடிக் கம்பி மாதிரி நீளமாக ஒன்று ஓடும், அதற்கு ரெயில் என்று பெயர். அது கேரியர் மாட்டத்தான் என்று நினைத்து, உதிரி சாமான் கடை ஒன்றில் கேரியரைத் தாங்கும் இரண்டு குறுக்குக் கம்பி வாங்கினேன். கடைப்பையன் கால் மணி நேரத்தில் முடுக்கிக் கொடுத்தான். முதல் தடவை பொள்ளாச்சி வரை போய்வந்தோம், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை ஆழியாறு தாண்டும்போது மேலே டொக் டொக் என்று சத்தம். நிறுத்தி இறங்கிப் பார்த்தால், இடது பக்க ரெயில் கூரையிலிருந்து விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எங்களுக்குப் பின்னால் பைக்கில் ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ராத்திரி வீட்டுக்கு வந்து கார் மேனுவலைத் தேடி எடுத்தோம். ரெயில் அழகுக்கு மட்டுமே, அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று அதில் தெளிவாக அச்சடித்திருந்தது.

அதனால் கடைக்குப் போகும் முன்னால் உன் காரின் மேனுவலை எடுத்துக்கொண்டு உட்கார். கேரியரைத் தாங்குவது கூரை. கூரை என்ன மாதிரி என்று தெரியாமல் கேரியரைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. நம் ஊரில் ஓடும் பல கார்களில் ரெயில் வெறும் பிளாஸ்டிக் அலங்காரம். உண்மையான ரெயிலை கூரைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். கையால் ஆட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, மேனுவல்தான் சாட்சி.

உங்கள் சித்தப்பாவின் அம்பாசடர் ஞாபகம் இருக்கிறதா? கல்யாணச் சீர், பாத்திரம், மெத்தை எல்லாம் அதன் தலைமேல்தான் போகும். அந்தக் காலத்துக் கார்களில் மழைத்தண்ணீர் வழிய கூரை ஓரத்தில் ஒரு வாய்க்கால் விளிம்பு இருந்தது. கேரியரின் கால்கள் அந்த விளிம்பைக் கவ்விக்கொள்ளும். இப்போதைய கார்களில் அது கிடையாது. கூரைக்கும் ரெயிலுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தால் ஒரு வகைக் கால், ரெயில் கூரையோடு ஒட்டியே ஓடினால் இன்னொரு வகை, ரெயிலே இல்லாத மொட்டைக் கூரை என்றால் கதவைத் திறந்தால் தெரியும் விளிம்பில் கொக்கி போட்டு இறுக்கும் வகை. இந்தக் கடைசி வகையில் ஒவ்வொரு கார் மாடலுக்கும் அதன் வளைவுக்கேற்ற தனி கிட் உண்டு. பக்கத்து வீட்டுக் காரின் கிட்டை உன் காருக்கு மாட்டவே கூடாது. 1942-ல் ஸ்வீடனில் தொடங்கிய தூலே போன்ற கம்பெனிகள், எந்தக் காருக்கு எந்தக் கால், எந்தக் கிட் என்று பட்டியலே போட்டு வைத்திருக்கின்றன. கடைக்காரர் வாய்வார்த்தையாக "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்றால், பட்டியலைக் காட்டச் சொல்.

அடுத்து எடை. ஓடும்போது கூரை எவ்வளவு தாங்கும் என்பதும் மேனுவலில் இருக்கும். எங்கள் இப்போதைய காருக்கு 50 கிலோ. அது சைக்கிளின் எடை மட்டும் இல்லை, கம்பி, கால், கேரியர் எல்லாம் சேர்த்துத்தான். உன் கணக்கையே போட்டுப் பார்த்தேன். உன் சைக்கிள் 14, பெரியவனுடையது 13, சின்னவளுடையது 11, ஆக 38 கிலோ. காலோடு கம்பிகள் ஒரு 6 கிலோ. ஒரு சைக்கிளுக்கு ஒரு கேரியர் வேண்டும், ஒவ்வொன்றும் சுமார் 4 கிலோ. கூட்டினால் 56 வருகிறது. உன் காருக்கும் 50 என்று இருந்தால் மூன்று சைக்கிள் கூடாது. இரண்டே இரண்டு என்றால் 41 கிலோவில் முடியும். சின்னவள் சைக்கிளை வீட்டிலேயே விட்டு வா. என் மகளின் பழைய சைக்கிள் இங்கே இருக்கிறது, செயினுக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

சரி, கேரியருக்கு வருவோம். கடையில் மூன்று மாதிரி காட்டுவார்கள். ஒன்றில் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைப் பிடித்திருக்கும் கவட்டையை, அதாவது ஃபோர்க்கை, மாட்ட வேண்டும். சைக்கிள் துளிகூட ஆடாது, உயரமும் குறையும். ஆனால் உன் சைக்கிளில் எந்த வகை அச்சு என்று பார்த்து வாங்க வேண்டும், கழற்றிய சக்கரத்துக்கு காருக்குள் இடமும் வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் இன்னொரு கவனம். சக்கரம் இல்லாதபோது பிள்ளைகள் யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, கோத்தகிரியில் அரை நாள் வீணாகப் போனது. அதற்கென்று ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு உண்டு, நடுவில் செருகிவிட்டால் போதும்.

இரண்டாவது மாதிரி, சக்கரங்களைப் பள்ளத்தில் நிறுத்தி, கேரியரின் ஒரு கை வந்து ஃபிரேமின் கீழ்க்குழாயைப் பிடித்துக்கொள்ளும். நான் வைத்திருப்பது இதுதான், உனக்கும் இதைத்தான் சொல்வேன். உன்னுடையதும் பெரியவனுடையதும் அலுமினியம் ஃபிரேம், பயமில்லை. கார்பன் ஃபிரேமை அப்படி நெருக்கினால் குழாய் விரிசல் விடலாம். அதற்குத்தான் மூன்றாவது மாதிரி, டயரை மட்டும் தொட்டுப் பிடிப்பது. விலை அதிகம், மட்கார்டு வைத்த சைக்கிளுக்கு ஒத்துவராது.

இரண்டாவதை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் கைகள். 14 கிலோவைத் தரையிலிருந்து தூக்குவது ஒன்றுமில்லை. தலைக்கு மேலே தூக்கி, கார் பெயிண்டில் பெடல் இடிக்காமல் பள்ளத்தில் இறக்குவது வேறு வேலை. கீழே நின்றுகொண்டே ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து, மறு கையால் திருகை இறுக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பார். நான் அகலமான இரண்டு படி ஸ்டூல் ஒன்றை டிக்கியில் எப்போதும் வைத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டில், காற்றடிக்கும் பம்பு எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிட்டால் எடையும் குறையும், வழியில் விழுந்து தொலையவும் செய்யாது.

கால்களை வைக்கும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வை. ரப்பருக்கு அடியில் மண் இருந்தால் பெயிண்டைத் தேய்த்துவிடும். கிளம்பி முதல் டீக்கு நிறுத்தும்போது, கரூருக்கு முன்னாலேயே, எல்லா இறுக்கத்தையும் ஒருமுறை பார். சக்கரத்தைக் கட்டும் வார் நீளமாக ஓடினால் அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டு, இல்லாவிட்டால் காற்றில் ரீங்காரம் போட்டுக்கொண்டே வரும்.

காங்கேயம், பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பாய். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று மே கடைசியில் வலுக்க ஆரம்பிக்கும். நீ மேற்கே வருகிறாய், அது நேர் எதிரே அடிக்கும். லாரியைத் தாண்டும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். நான் சைக்கிள் ஏற்றியிருந்தால் 80-க்கு மேல் போவதில்லை. மைலேஜும் குறையும், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

இதைவிட எனக்குப் பயம் உயரத்தில்தான். உன் கார் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அதன்மேல் சைக்கிள் நின்றால் மொத்தம் 2.7, 2.8 மீட்டர் ஆகிவிடும். மால்களின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் பெரும்பாலும் 2.1 என்று போர்டு இருக்கும். உன் பிளாட்டிலும் தூண்களுக்கு நடுவில்தானே வண்டியை நிறுத்துகிறாய்? ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டுக் களைப்பில் வீடு திரும்பும் நேரத்தில்தான் மேலே சைக்கிள் இருப்பது மறக்கும். ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிக்கொள். நானும் கட்டுகிறேன்.

அம்மாவின் பழைய லேடிஸ் சைக்கிளையும் கொண்டுவந்து இங்கே சரிசெய்ய முடியுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம்ம புதுக்கோட்டையில் எழுத்தறிவு கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்த வருஷங்கள், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களில் நம் இரண்டு பேர் அம்மாவும் உண்டு. சாயங்காலம் பள்ளி மைதானத்தில் நாம் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவோம். உங்கள் அம்மா நம்மை உதறிவிட்டுத் தனியாக ஒரு சுற்று வந்தபோது, மைதானமே கை தட்டியது.

அந்த சைக்கிளை மேலே ஏற்றாதே. முழுக்க இரும்பு, செயின் கவர், ஸ்டாண்டு, பின் கேரியரோடு எப்படியும் 20 கிலோ வரும். மேல்குழாய் இல்லாத ஃபிரேம் வேறு. பின்சீட்டில் ஒரு பாதியை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, பழைய போர்வை சுற்றி உள்ளே படுக்கப் போடு. நீங்கள் மூன்று பேர்தானே, இடம் போதும். எங்கள் தெருமுனையில் கம்பி பிரேக் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். நேற்றே பேசிவிட்டேன், கொண்டு வரச் சொன்னார்.

மூன்றாம் நாள் கோத்தகிரி போகலாம். காரை அங்கே நிறுத்திவிட்டு, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கொடநாடு காட்சிமுனை வரை சுமார் 18 கிலோமீட்டர். ஏற்றம் இறக்கம் உண்டு, பெரியவன் சமாளிப்பான். நாம் மெதுவாகப் போவோம்டி, யார் கேட்கப்போகிறார்கள்?

நீலகிரிக்கு இ-பாஸ் போட வேண்டும், உன் கார் நம்பரை எழுது. அதோடு மேனுவலில் கூரை எடை போட்டிருக்கும் பக்கத்தையும், காரின் கூரையைப் பக்கவாட்டிலிருந்தும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சன்ரூஃப் இருந்தால் அது திறக்கும்போது கம்பியில் இடிக்குமா என்றும் பார்க்க வேண்டும். அதுவரை எதற்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தோழி